தோட்டத்து மருந்தும் புற்றுநோயும்: பல நிறுவனங்கள் சேர்ந்து செய்யும் ஆய்வை ஒருங்கிணைப்பது எப்படி?

மலேசியாவில் செபராங் பிறையிலோ கிள்ளான் பள்ளத்தாக்கிலோ தமிழர்கள் கூடும் இடத்தில் புற்றுநோய் பற்றிப் பேச்செடுத்தால், யாராவது ஒருவர் எழுந்து, "எங்க தாமான்லேயே பத்துப் பேருக்கு வந்திருச்சு. எல்லாம் தோட்டத்துல மருந்து அடிச்சவங்க. இதை யாரும் ஆராய்ச்சி பண்ண மாட்டாங்களா?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு மருத்துவமனையோ ஒரு பல்கலைக்கழகமோ ஒரு சங்கமோ தனியாக இதற்குப் பதில் கண்டுபிடித்துவிட முடியாது. நோயைப் பற்றிய விவரம் மருத்துவமனையில் இருக்கிறது. இரசாயனங்களை அளக்கத் தெரிந்தவர்கள் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள். மருந்து அடித்தவர்களோ தோட்டத்தை விட்டு எப்போதோ வெளியேறி, பட்டர்வொர்த்திலும் பந்தாய் டாலாமிலும் அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள்.

இந்த மூன்று தரப்பையும் ஒரே ஆய்வுக்குள் கொண்டுவரும் ஒருங்கிணைப்பாளருக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் ஆய்வு அதிகாரியாக இருக்கலாம், முனைவர் பட்ட மாணவராக இருக்கலாம், சங்கத்தில் வேலை செய்பவராகவும் இருக்கலாம். உதாரணத்துக்குப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிகளையே எடுத்துக்கொள்கிறேன். புகைமூட்டம், குப்பைமேட்டுத் தீ, தொழிற்சாலைக் கரைப்பான்கள் என்றாலும் வழிமுறை பெரும்பாலும் இதுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புற்றுநோய்க்கு ஃபைல் இருக்கிறது. யார், எந்த இரசாயனத்தோடு, எத்தனை வருஷம் புழங்கினார் என்பதற்கு ஃபைல் கிடையாது. அதனால் பணத்திலும் நேரத்திலும் பெரும்பங்கு இரண்டாவதற்குத்தான் போகவேண்டும். நடப்பது என்னவோ தலைகீழ். விலையுயர்ந்த இரத்தப் பரிசோதனைக்கு நிதி வாங்கிவிட்டு, வேலை வரலாற்றை ஒரே வரியில் "தொழில்: தோட்டத் தொழிலாளி" என்று முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

படி 1: கேள்வியை ஒரு வாக்கியத்துக்குச் சுருக்குங்கள்

"தோட்டத்து மருந்தால் புற்றுநோய் வருமா?" என்பது ஆய்வுக் கேள்வி அல்ல. எந்தப் புற்றுநோய், எந்தப் பொருள், எந்தக் காலகட்டம், யாரோடு ஒப்பிட்டு என்ற நான்கும் இருக்கவேண்டும். "1975 முதல் 2000 வரை களைக்கொல்லி தெளித்தவர்களுக்கு, தெளிக்காத தோட்டத் தொழிலாளர்களைவிட நிணநீர்ப் புற்றுநோய் அதிகமா?" என்றால் வேலையைத் தொடங்கலாம்.

காலகட்டம் ஏன் முக்கியம் என்றால், பெரும்பாலான கட்டிகள் வெளியே தெரிய 10 முதல் 30 வருஷம் பிடிக்கும். இரத்தப் புற்றுநோய் அதைவிடச் சீக்கிரம் வரலாம். கல்நார் காரணமாக நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய்க்கு 40 வருஷங்கூட ஆகலாம். போன வருஷம் கட்டிய தொழிற்சாலைக்கும் இந்த வருஷம் வந்த கட்டிக்கும் முடிச்சுப் போட முடியாது.

அந்த "பத்துப் பேர்" கணக்கையும் இங்கேயே பார்த்துவிடுவோம். தேசியப் புற்றுநோய்ப் பதிவகத்தின் 2012–2016 அறிக்கைப்படி, மலேசியாவில் ஒருவருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஆண்களில் பத்தில் ஒன்று, பெண்களில் ஒன்பதில் ஒன்று. அப்படியென்றால் 400 பேர் வாழும் ஒரு தாமானில், எந்த நச்சும் இல்லாவிட்டாலும் காலப்போக்கில் 40 பேருக்கு மேல் வரும். பத்துப் பேருக்குப் பத்து விதமான புற்றுநோய் என்றால் பொதுக் காரணம் இருக்கும் வாய்ப்பு குறைவு. பத்தில் ஆறு பேருக்கு ஒரே அரிய வகை, அதுவும் எல்லாரும் ஒரே வேலை பார்த்தவர்கள் என்றால் நிமிர்ந்து உட்காருங்கள். இதைக் கூட்டத்தில் சொல்லும்போது மூடி மறைப்பதாகச் சந்தேகப்படுவார்கள். இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பொருளைத் தேர்ந்தெடுக்க, ஐஏஆர்சி எனப்படும் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் வகைப்பாட்டிலிருந்து தொடங்குங்கள். லிண்டேன் என்ற பூச்சிக்கொல்லி முதல் பிரிவில் இருக்கிறது. அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குப் போதிய சான்று உண்டு. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியும் மாலத்தியான், டிடிடி என்ற பூச்சிக்கொல்லிகளும் 2015-இல் 2ஏ பிரிவில், அதாவது அநேகமாக உண்டாக்கும் என்ற பிரிவில் வைக்கப்பட்டன. வெளிக்காற்று மாசு 2013-இலேயே முதல் பிரிவுக்கு வந்துவிட்டது. இந்தப் பிரிவுகள் சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் சொல்லும். ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லாது. வெற்றிலைபாக்கும் முதல் பிரிவுதான், கல்நாரும் முதல் பிரிவுதான்.

படி 2: ஏற்கெனவே இருப்பதைத் தேடுங்கள்

புதிதாக ஆள் சேர்க்கும் முன் சில கதவுகளைத் தட்டிப் பாருங்கள். யுகேஎம் எனப்படும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் நடத்தும் மலேசியன் கோஹோர்ட் திட்டம் 2006 முதல் 2012 வரை, 35 முதல் 70 வயதுக்குட்பட்ட 1,06,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, இரத்த மாதிரிகளையும் சேமித்து வைத்திருக்கிறது. நோய் வருவதற்கு முன் எடுத்த மாதிரி என்பதால் அதற்குத் தனி மதிப்பு. புத்ராஜெயாவில் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின்கீழ் இயங்கும் பதிவகத்தில் நாடு முழுவதற்குமான நோய் விவரம் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய் என்றால், கேன்சர் ரிசர்ச் மலேசியாவும் மலாயாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து பல வருஷமாகச் சேகரித்துவரும் மரபணு ஆய்வுத் தொகுப்பு உண்டு.

தோட்டத் தரப்பிலும் முன்னோடிகள் இருக்கிறார்கள். தெனகானித்தா என்ற பெண் தொழிலாளர் உரிமை அமைப்பும், பினாங்கைத் தளமாகக் கொண்ட பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, மருந்து தெளிக்கும் பெண்களின் உடல்நிலையைத் தோட்டந்தோட்டமாகப் போய்ப் பதிவுசெய்தது. அதன் கேள்விகளைப் படித்துவிட்டு உங்கள் கேள்விகளை எழுதுங்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல பத்தாண்டுகளாகத் தமிழிலேயே இதைப் பற்றி எழுதிவருகிறது. அந்தப் பழைய இதழ்களில் எந்தக் காலத்தில் எந்த மருந்து புழக்கத்தில் இருந்தது என்ற குறிப்புகளைத் தேடலாம்.

வெளிநாட்டு முன்மாதிரி வேண்டுமானால், அமெரிக்காவின் ஐயோவா, வட கரோலினா மாநிலங்களில் 1993-இல் தொடங்கிய விவசாயிகள் நல ஆய்வைப் பாருங்கள். அந்த ஆய்வோடு பிரான்ஸ், நோர்வே நாட்டு ஆய்வுகளையும் ஒன்றுசேர்த்து, 3 லட்சத்துக்கும் அதிகமானோரை வைத்து நிணநீர்ப் புற்றுநோயைப் பற்றிய முடிவுகளை 2019-இல் வெளியிட்டார்கள். மூன்று நாட்டிலும் கேள்விகள் வேறு வேறு. அதை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரத்தான் அவர்கள் மெனக்கெட்டார்கள். நீங்கள் இன்னும் தொடங்கவே இல்லை என்பதால், அந்தத் தலைவலியை முன்கூட்டியே தவிர்த்துக்கொள்ளலாம்.

படி 3: எத்தனை பேர் வேண்டும் என்று கணக்குப் போட்டுவிட்டுக் கூட்டாளிகளைத் தேடுங்கள்

கூட்டு ஆய்வு ஏன் தேவை என்பதை எண்களே சொல்லும். நோயாளிகளையும் நோயில்லாதவர்களையும் சம எண்ணிக்கையில் எடுத்து ஒப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நோயில்லாதவர்களில் 20 விழுக்காட்டினர் மருந்து அடித்தவர்கள். ஆபத்து இரண்டு மடங்கு என்றால், வழக்கமான 80 விழுக்காட்டுக் கண்டறிதிறனோடு (அதாவது தொடர்பு உண்மையில் இருந்தால் பத்தில் எட்டு முறை பிடிபடும்படி) அதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 172 பேர் போதும். ஒன்றரை மடங்குதான் என்றால் 535 பேர். ஆபத்து இரண்டு மடங்காகவே இருந்து, மருந்து அடித்தவர்கள் 5 விழுக்காடு மட்டும் என்றால், அப்போதும் 500-க்கு மேல் வேண்டும். அரிதான ஒரு புற்றுநோயில் இத்தனை நோயாளிகளை ஒரே மருத்துவமனை திரட்ட நெடுங்காலம் ஆகும். பினாங்கும் கோலாலம்பூரும் சேர்ந்தால் நடக்கும்.

கூட்டாளிகள் கிடைத்ததும் முதல் சந்திப்பிலேயே எழுத்தில் முடிக்கவேண்டியவை சில உண்டு. தரவு யார் பொறுப்பில் இருக்கும், மீதமாகும் மாதிரிகள் யாருடையவை, கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் வரும், ஒருவர் பாதியில் விலகினால் என்ன செய்வது. பெயர் வரிசையைப் பேச எல்லாருக்கும் கூச்சமாக இருக்கும். முடிவு வந்தபிறகு பேசினால் சண்டை வரும், அவ்வளவுதான். சங்கத்தை வெறும் "ஆள் பிடித்துத் தருபவர்" ஆக்கிவிடாதீர்கள். அவர்களுக்கும் திட்டக்குழுவில் இடமும் பட்ஜெட்டில் சம்பளமும் வேண்டும்.

தோட்ட நிறுவனமோ பூச்சிமருந்து உற்பத்தியாளரோ பணம் தர முன்வந்தால்? நானாக இருந்தால் வாங்கமாட்டேன். பழைய கொள்முதல் பதிவேடுகளைத் தருகிறோம் என்றால் இரு கையாலும் வாங்கிக்கொள்வேன்.

படி 4: அனுமதிகள்

சுகாதார அமைச்சின் மருத்துவமனை, ஊழியர், நிதி ஆகிய ஏதேனும் ஒன்று சம்பந்தப்பட்டால், என்எம்ஆர்ஆர் எனப்படும் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவில் பதிந்து, அமைச்சின் நன்னெறிக் குழுவின் ஒப்புதலைப் பெறவேண்டும். யுஎஸ்எம் எனப்படும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், மலாயாப் பல்கலைக்கழகம், யுகேஎம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குழு உண்டு. ஒரு குழு ஒரு வரியைத் திருத்தச் சொன்னால் அந்தத் திருத்தம் மற்றக் குழுக்களுக்கும் போகவேண்டும். அதனால் ஆய்வுத்திட்டத்துக்குப் பதிப்பு எண்ணும் தேதியும் போட்டு, ஒரே ஆள் கையில் வைத்திருங்கள். ஒப்புதல் கைக்கு வருமுன் ஒரு பேட்டிகூட எடுக்கக்கூடாது, "சும்மா முன்னோட்டமாக" என்றாலும் சரி.

ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கவேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு, ஆய்வில் சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் முன்னிலையில் வாசித்துக் காட்டவேண்டும். மேலாளர், மண்டோர் (கங்காணி), கோயில் தலைவர் போன்றவர்களைச் சாட்சியாக வைக்காதீர்கள். அவர்கள் முன்னால் முடியாது என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. தோட்டம் தனியார் நிலம் என்பதால் பேட்டியைத் தமிழ்ப்பள்ளியிலோ மண்டபத்திலோ வீட்டிலோ வைத்துக்கொள்வது நல்லது.

படி 5: வேலை வரலாற்றைக் கேட்பது

இந்தப் படியில்தான் நிதானம் வேண்டும். எல்லா மையங்களின் பேட்டியாளர்களையும் ஒரே இடத்துக்கு வரவழைத்து, ஒரே மாதிரிப் பேட்டியை எல்லாரும் தனித்தனியாக நிரப்பச் செய்யுங்கள். விடைகள் பொருந்தும்வரை யாரையும் வெளியே அனுப்பாதீர்கள்.

"எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை மருந்து அடித்தீர்கள்?" என்று நேரடியாகக் கேட்டால் பதில் வராது. வாழ்க்கை நாட்காட்டி என்ற முறையைப் பயன்படுத்துங்கள். ஒரு நீளத்தாளில் வருஷங்களைக் கோடு போட்டு, முதலில் கல்யாணம், பிள்ளைகள், வீடு மாறியது ஆகியவற்றைக் குறிக்கவேண்டும். வேலை அதற்குப் பிறகுதான். பேட்டி இப்படிப் போகும்:

"எப்போ பாட்டி மருந்து அடிக்கப் போனீங்க?"

"வருஷமெல்லாம் யாரும்மா கணக்கு வச்சது? பெரியவன் ஸ்டாண்டர்ட் ஒண்ணு போன புதுசு. பால் வெட்டுல கூலி கட்டல, மருந்துக்கு மாத்திவிடச் சொல்லி மண்டோர்கிட்ட கேட்டேன்."

அந்தப் பெரிய மகனின் அடையாள அட்டை எண் 74 என்று தொடங்கினால், ஏழு வயதில் முதல் வகுப்பு, ஆக 1981. தாளில் குறித்தாயிற்று. "ரப்பரை வெட்டிட்டுச் செம்பனை போட்டாங்களே, அதுக்கு முன்னயா பின்னயா?" என்று அடுத்த கேள்வி. பொது நிகழ்ச்சிகளும் உதவும்: 1969 மே கலவரம், 1997 புகைமூட்டம், 2004 சுனாமி. பாராகுவாட் என்ற களைக்கொல்லி விஷயத்தில் இன்னும் வசதி. 2002-இல் தடை, 2006-இல் தளர்வு, 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து முழுத் தடை. "நிப்பாட்டிட்டு மறுபடி கொண்டுவந்தாங்களா?" என்று கேட்டால் பலருக்கு நினைவு வரும்.

மருந்தின் பெயர் பலருக்குத் தெரியாது. தோம்பின் நிறம், நீரில் கலந்தால் வரும் நிறம், நாற்றம் நினைவிருக்கும். பாராகுவாட் கலவையில் நீலப்பச்சைச் சாயமும் குமட்டும் வாடையும் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்தன, கிளைபோசேட் அப்படியில்லை. பழைய லேபிள்களின், புட்டிகளின் வண்ணப்படங்களை அட்டையில் ஒட்டிக்கொண்டு போங்கள். எல்லா மையத்துக்கும் ஒரே அட்டைதான்.

"அடித்தீர்களா, இல்லையா" என்பது மட்டும் போதாது. மருந்தைக் கலக்கியது யார்? கையுறை உண்டா? தோள் பம்பு ஒழுகுமா, முதுகு நனையுமா? லாலாங் புல்லுக்கு அடிக்கும்போது காற்று எதிர்த்து அடித்தால் என்ன செய்வார்கள்? சாப்பிடும் முன் கைகழுவத் தண்ணீர் கிடைத்ததா? அந்தத் துணியைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைத்தார்களா? மாதத்தில் எத்தனை நாள், நாளில் எத்தனை மணிநேரம்? கலப்பவர், ஒழுகும் பம்பைப் பழுதுபார்ப்பவர் உடலில் படும் அளவு தெளிப்பவர் அளவைவிடப் பல மடங்கு இருக்கலாம். இந்த விடைகளுக்கு எடை கொடுத்து, வருஷத்துக்கு இத்தனை நாள் என்பதால் பெருக்கினால்தான் ஒப்பிடக்கூடிய எண் கிடைக்கும்.

அதே நீளத்துக்கு மற்றக் காரணங்களையும் கேளுங்கள்: வெற்றிலைபாக்கு, புகையிலை, சுருட்டு, சம்சு சாராயம், விறகடுப்பு, பிள்ளைப்பேறு, குடும்பத்தில் புற்றுநோய். தோட்டத்து மூத்த பெண்களில் வெற்றிலை போடாதவர்களைத் தேடத்தான் வேண்டும். வாய்ப்புற்றுநோய் மலேசிய இந்தியர்களிடையே அதிகம் என்பது தெரிந்ததே. வெற்றிலையைக் கேட்காமல் விட்டுவிட்டு மருந்தின்மேல் பழிபோட்டால், கட்டுரையைப் பரிசீலிக்கும் முதல் மதிப்பீட்டாளரே ஆய்வைத் தூக்கி எறிந்துவிடுவார்.

இரண்டு பொறிகள். ஒன்று, நோயாளிகள் ஏன் தமக்கு வந்தது என்று இரவெல்லாம் யோசித்தவர்கள். நலமாக இருப்பவர்களைவிட அதிகம் நினைவுகூர்வார்கள். இதைக் குறைக்க, ஒப்பீட்டுக் குழுவில் பாதியை வேறு நோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களிடமிருந்து எடுக்கலாம். பார்க்கின்சன் நோயாளிகளை மட்டும் எடுக்காதீர்கள். பாராகுவாட்டுக்கும் அந்நோய்க்கும் தொடர்பு பேசப்படுவதால் ஒப்பீடு கெட்டுவிடும். இன்னொன்று, 2012–2016 அறிக்கையின்படி நோயாளிகளில் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டோருக்கு மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் நோய் கண்டறியப்பட்டது. நீங்கள் பேட்டிக்குப் போகுமுன் பலர் இறந்திருப்பார்கள். கணவரோ மகளோ சொல்வதைத் தனிக்குறியிட்டுப் பதிவு செய்யுங்கள். ஆய்வில் அவர்களைச் சேர்த்தும் தவிர்த்தும் இருமுறை கணக்கிடவேண்டியிருக்கும்.

இப்போது மருந்து அடிப்பவர்கள் பெரும்பாலும் இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர்கள். "தமிழர் ஆய்வு" என்று அவர்களை விட்டுவிட்டால், அடுத்த முப்பது வருஷத்துக்கான கேள்வி கேட்கப்படாமலே போகும்.

படி 6: இரத்தம், சிறுநீர்

மாதிரி எடுக்குமுன் ஒரே கேள்வி: இந்தப் பொருள் உடலில் எவ்வளவு காலம் தங்கும்? கிளைபோசேட் சிலமணி நேரத்திலேயே பாதியாகக் குறைந்துவிடும். இன்றைய சிறுநீர் 1985-ஐப் பற்றி ஒன்றும் சொல்லாது. டிடிடியின் சிதைபொருள் கொழுப்பில் வருஷக்கணக்கில் இருக்கும். டையாக்சின் என்ற நச்சுப்பொருள் பாதியாகக் குறைய ஏழு வருஷம்போல் ஆகும். கேட்மியம் சிறுநீரகத்தில் பத்தாண்டுக்கணக்கில் தங்கும். ஆகவே பழைய பாதிப்பை அறிய நினைத்தால், நிலைத்து நிற்கும் பொருளுக்கு மட்டும் பணம் செலவழியுங்கள்.

உலோகம் அளப்பதானால் அமிலத்தால் கழுவிய குப்பி. பிஎஃப்ஏஎஸ் (எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்கள்) என்றால் டெஃப்லான் மூடி கூடாது. ஒவ்வொரு மையத்திலும் வெறும் தூயநீரை அதே குப்பியில் ஊற்றி அதே பாதையில் அனுப்புங்கள். அந்த நீரில் ஈயம் வந்தால் தவறு குப்பியில். நோயாளிகளின் மாதிரிகளை ஒரு நாளிலும் மற்றவர்களுடையதை வேறு நாளிலும் ஆய்வகக் கருவியில் ஓட்டாமல், கலந்து ஓட்டுங்கள்.

படி 7: காற்று

உங்கள் கேள்வி புகை, காற்று மாசு பற்றியதானால் இந்தப் படி. சுற்றுச்சூழல் துறையின் காற்றுத் தூய்மைக் குறியீட்டில் பிஎம்2.5 (2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகள்) சேர்ந்தது 2018-இல்தான். அதற்கு முந்தைய அளவுகள் பெரும்பாலும் பிஎம்10 (10 மைக்ரான் வரையிலான துகள்). நிலையங்கள் நகரங்களில் இருப்பதால், தோட்டப்பகுதிக்குச் செயற்கைக்கோள் மதிப்பீடுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1998 முதல் கிடைக்கின்றன. புலாவ் புரோங், ஜெலுத்தோங் குப்பைமேடுகள் 2022-இல் எரிந்ததுபோல் ஒன்று மறுபடி நடந்தால், முதல் வாரத்திலேயே போய் யார் எங்கே இருந்தார்கள் என்று பதிந்துவிடுங்கள். புகையில் வரும் நிலையற்ற பொருள்களை ஒரு வாரம் கழித்து உடலில் தேடிப் பயனில்லை.

படி 8: பெயரும் எண்ணும்

அடையாள அட்டை எண்ணை ஆய்வு எண்ணாகப் பயன்படுத்தாதீர்கள். அதில் பிறந்த தேதி, பிறந்த மாநிலம் (பினாங்குக்கு 07, கோலாலம்பூருக்கு 14), கடைசி இலக்கத்தில் ஆணா பெண்ணா என்பது வரை இருக்கிறது. பெயரை எடுத்துவிட்டு எண்ணை விட்டுவைத்தால் மறைத்ததாகாது. ஆய்வு எண் தனி, இரண்டையும் இணைக்கும் பட்டியல் தனி. அந்தப் பட்டியல் ஒரே மையத்தில், கடவுச்சொல்லோடு இருக்கட்டும்.

பதிவகத்தோடு இணைக்கும்போது அடையாள அட்டை எண் தேவைதான், ஏனென்றால் பெயரை நம்ப முடியாது. ஒரே அம்மாள் மருத்துவமனையில் லெட்சுமி, பிறப்புச் சான்றிதழில் லெச்சுமி, சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) லக்ஷ்மி. தோட்டத்தில் பிறந்து ஆவணமே இல்லாதவர்களும் உண்டு. அவர்களை எந்தப் பதிவகத்தோடும் இணைக்க முடியாது, அதனால் நேரில் பின்தொடர்வதற்கு ஒதுக்கீடு வேண்டும். புற்றுநோய்க்கு ஐசிடி-ஓ-3, தொழிலுக்கு மாஸ்கோ (மலேசியத் தொழில் வகைப்பாடு) என்று எல்லா மையமும் ஒரே குறியீட்டைப் பயன்படுத்தவேண்டும். தரவை ரெட்கேப் என்ற ஆய்வுத் தரவு மென்பொருளில் உள்ளிட்டால், யார் எப்போது எதை மாற்றினார் என்பதும் பதிவாகும். பத்தில் ஒரு பேட்டியை வேறொருவர் மறுபடி எடுத்துப் பார்க்கட்டும்.

படி 9: முடிவைச் சொல்வது

பேட்டியின்போதே ஒருவர் மார்பில் கட்டியைக் காட்டினால் என்ன செய்வது என்பதை முதல் நாளிலேயே முடிவு செய்யுங்கள்: எந்த அரசு கிளினிக், யாரிடம் கடிதம், யார் கூடப் போவார். தனிநபரின் இரத்த அளவைச் சொல்வதா என்பதும் அப்படியே. பொருள் தெரியாத எண்ணைக் கையில் கொடுத்து அனுப்புவது பயத்தைத்தான் தரும். ஈயம்போல், இந்த அளவைத் தாண்டினால் நடவடிக்கை வேண்டும் என்ற வரம்பு உள்ளவற்றுக்குக் கட்டாயம் சொல்லவேண்டும்.

ஆய்வு முடிவு "தொடர்பு தெரியவில்லை" என்று வரலாம். நினைவுப் பிழைகள் இரு குழுவிலும் ஒரே அளவில் இருந்தால், உண்மையான தொடர்பும் பொதுவாக மங்கித் தெரியும். ஆகவே "மருந்து பாதுகாப்பானது" என்று அர்த்தமில்லை என்பதை அறிக்கையிலேயே எழுதுங்கள். எவ்வளவு பெரிய ஆபத்தை உங்கள் ஆய்வால் மறுக்க முடிகிறது, எதை முடியவில்லை என்று எண்ணோடு சொல்லுங்கள். தமிழ்ச் சுருக்கத்தைக் கட்டுரை வெளிவரும் அதே வாரத்தில், பேட்டி எடுத்த அதே மண்டபங்களில், பேட்டி எடுத்தவர்களே வாசிக்கட்டும். அதற்கான வண்டி வாடகை, மண்டப வாடகை, தேநீர்ச் செலவை முதல் நிதி விண்ணப்பத்திலேயே தனி வரியாகப் போட்டுவிடுங்கள். கடைசி வருஷத்தில் கேட்டால் கிடைக்காது.